சிறுகுறிஞ்சான் இலையை மென்ற மருந்தாளுநர்

சிறுகுறிஞ்சான் இலை இரண்டைப் பறித்து நன்றாக மெல்லுங்கள். சாறு நாக்கு முழுக்கப் படர்ந்ததும் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொள்ளுங்கள். இலையின் கசப்பு கொஞ்சம் தங்கியிருக்கும், பரவாயில்லை. இப்போது ஒரு சிட்டிகை சர்க்கரையை நாக்கில் வையுங்கள். சர்க்கரையின் சொரசொரப்பு தெரியும், அது கரைவதும் தெரியும். இனிப்பு மட்டும் வராது. வெல்லம், தேன், பழம் எதை வாயில் போட்டாலும் இதே கதைதான். கொஞ்ச நேரம் போனால் இனிப்பு தானாகத் திரும்பி வந்துவிடும்.

சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் இந்தக் கொடிக்கு இப்படித்தான் வந்தது. இந்தியில் குட்மார், அதாவது வெல்லத்தைக் கொல்வது. ஊருக்கெல்லாம் தெரிந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு, இலைக்குள் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று முதன்முதலில் தேடிப் பிடித்தவர் ஊட்டியில் வேலை பார்த்த ஒரு மருந்தாளுநர். பெயர் டேவிட் ஹூப்பர். அவருடைய கட்டுரை 1887இல் 'நேச்சர்' என்ற ஆங்கில அறிவியல் இதழில் வந்தது. நம் வேலியோரத்துக் கொடியைப் பற்றி அவ்வளவு முன்னாலேயே அந்த இதழில் எழுதப்பட்டிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆடாதோடைக்கும் அவர் செய்தது கொஞ்சமல்ல. அப்படியும் தமிழில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. இந்தக் குறை எனக்கு நெடுநாளாகவே உண்டு.

ஹூப்பர் 1858இல் இங்கிலாந்தில் பிறந்தவர். மருந்தாளுநர் படிப்பை முடித்து, 1884இல் சென்னை அரசாங்கத்தின் 'குவினாலஜிஸ்ட்' ஆக உதகமண்டலம் வந்து சேர்ந்தார். பெயர் விநோதமாக இருந்தாலும் வேலை தெளிவானது. மரப்பட்டையில் எவ்வளவு குவினைன் இருக்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். நம் பாட்டிகள் 'கொய்னா மாத்திரை' என்றார்களே, அதே குவினைன்தான்.

அந்தப் பதவி எவ்வளவு முக்கியமானது என்று புரிய, அன்றைய மலேரியாவை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான ஒட்டுண்ணியை 1880இல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். அதைக் கொசு பரப்புகிறது என்பது 1897 வரை உறுதியாகவில்லை. வந்த காய்ச்சலை அடக்கக் கையில் இருந்த ஒரே நம்பகமான மருந்து குவினைன். அதைத் தருவது சிங்கோனா மரம். அதன் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து விதைகளும் கன்றுகளும் கொண்டுவர, நீலகிரியில் தோட்டங்கள் தொடங்கின. ஊட்டி அரசுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட வில்லியம் மெக்ஐவர் அவற்றை வளர்த்தெடுத்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சரிவு சரிவாக சிங்கோனா நின்றது. நடுவட்டத்தில் உழைத்தவர்களில் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தார்கள்.

மெக்ஐவர் ஒரு உத்தி கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீளவாக்கில் கீற்றுக் கீற்றாக உரித்து எடுத்துவிட்டு, காயம்பட்ட இடத்தைப் பாசியால் மூடிக் கட்டுவது. அடியில் புதுப் பட்டை வளரும். அதில் குவினைன் பழைய பட்டையைவிடக் கூடுதலாகவே இருந்தது. சரி, கூடுதல் என்று எப்படித் தெரியும்? பார்த்தால் தெரியாது, மோந்தாலும் தெரியாது. யாராவது உட்கார்ந்து அளக்கத்தான் வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல். சிங்கோனா பட்டையில் குவினைனோடு குவினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்று கூடப் பிறந்தவர்கள் சிலர் உண்டு. நான்கும் ஆல்கலாய்டுகள், அதாவது செடி தன் உடலில் உண்டாக்கி வைத்துக்கொள்கிற, நைட்ரஜன் கலந்த, பெரும்பாலும் கசக்கிற பொருட்கள். நீலகிரியில் செழித்து வளர்ந்த சிவப்புப் பட்டை மரத்தில் மொத்த ஆல்கலாய்டு நிறைய இருக்கும், குவினைன் பங்கு குறைவாக இருக்கும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து எடைபோட வேண்டும். எந்த மரத்தைப் பெருக்குவது, எதை விடுவது, எந்த வயதில் உரிப்பது என்ற முடிவுகள் எல்லாம் அந்த எண்களைப் பார்த்துத்தான்.

பிரிப்பதன் அடிப்படை சுலபம். ஆல்கலாய்டு காரத்தன்மை உள்ளது. அமிலம் கலந்த நீரில் உப்பாக மாறிக் கரைந்துவிடும். அதே நீரில் அம்மோனியாவோ சுண்ணாம்போ சேர்த்துக் காரமாக்கினால், நீரை விட்டு விலகி ஈதர், குளோரோஃபார்ம் போன்ற திரவத்துக்குத் தாவிவிடும். அந்தத் திரவத்தை ஆவியாக்கினால் ஆல்கலாய்டு அடியில் தங்கும். அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று மாற்றி மாற்றிச் செய்யச் செய்ய பச்சையமும் பிசினும் கழன்றுகொண்டே போகும். ஹூப்பருக்கு இது அன்றாட வேலை. இந்தக் கைப்பழக்கத்தோடுதான் அவர் நாட்டு மூலிகைகளின் பக்கம் திரும்பினார்.

மருந்தாளுநரின் கேள்விகள் வைத்தியரின் கேள்விகள் அல்ல. நோய் தீருமா என்று வைத்தியர் கேட்பார். இது என்ன சரக்கு, அசல்தானா, இதில் வேலை செய்வது எது, எவ்வளவு இருக்கிறது, எதில் கரையும் என்று மருந்தாளுநர் கேட்பார். ஹூப்பர் கடைசிவரை இந்தக் கேள்விகளைத் தாண்டிப் போகவில்லை. அதனால்தான் அவர் எழுதியவை இன்னும் நிற்கின்றன என்பது என் எண்ணம்.

சிறுகுறிஞ்சானையே பாருங்கள். எட்ஜ்வொர்த் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த இலையை மென்றபின் சர்க்கரை மணல் போல இருந்ததையும், அந்த நிலை 24 மணி நேரம் நீடித்ததையும் சொல்லியிருந்தார். 1847இல் லண்டனில் இயற்கை ஆய்வாளர்கள் கூடும் லின்னேயன் சங்கத்துக்கும் அந்தச் செய்தி போனது. அதன்பின் நாற்பது ஆண்டுகள் அதே வரியைத்தான் நூலுக்கு நூல் எடுத்து எழுதினார்கள். ஹூப்பர் இலையைத் தானே மென்று பார்த்தார். இஞ்சி ரொட்டி தின்றார். இஞ்சியின் காரம் மட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் மாவு. இனிப்பான ஆரஞ்சு எலுமிச்சை போலப் புளித்தது. உப்பும் புளிப்பும் காரமும் துவர்ப்பும் அப்படியே இருந்தன. இனிப்பு போனது, கசப்பும் போனது. இத்தனை நாள் அளந்து அளந்து பழகிய குவினைனை எடுத்து நாக்கில் வைத்தார். சுண்ணக்கட்டி போல இருந்தது என்று எழுதினார். கசப்புக்கே பெயர் போன பொருள் அது.

24 மணி நேரம் என்பதும் சரியில்லை என்று கண்டார். ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம்தான். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த இடம் இது. ஒரு அதிசய இலையைப் பற்றி எழுதுகிறவர் அதிசயத்தைப் பெரிதாக்கத்தான் பார்ப்பார். இவர் குறைத்து எழுதினார், ஏனென்றால் அவர் நாக்கு அவருக்குச் சொன்னது அவ்வளவுதான். கசப்பு மருந்து கொடுக்கும் முன் இந்த இலையை மெல்லச் சொல்லலாமே என்று யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் இலைக்கே என்ன மருத்துவ குணம் இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், கொடுக்கிற மருந்தின் பலனையே இது கெடுத்துவிடலாம் என்று எழுதிவைத்தார்.

அப்புறம் வேதியியல். இலைச் சாரத்தில் அமிலம் சேர்த்தபோது ஒரு பொருள் பிரிந்து வீழ்படிவாக இறங்கியது. அதற்கு ஜிம்னிமிக் அமிலம் என்று பெயரிட்டார். செடியின் தாவரவியல் பெயர் ஜிம்னிமா சில்வெஸ்ட்ரே, அதிலிருந்து வந்த பெயர். அது ஒரே பொருளல்ல, ஒத்த அமைப்புள்ள பல சப்போனின்களின், அதாவது நீரில் குலுக்கினால் நுரைக்கிற தாவரப் பொருட்களின், கூட்டம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. கசப்பு விஷயத்திலும் பின்னால் வந்தவர்கள் ஹூப்பரைத் திருத்தினார்கள். இலைக்கே கசப்பு உண்டு. அதை மென்று பழகிய நாக்குக்கு அடுத்து வரும் கசப்பு மங்கலாகத்தான் தெரியும். தூய ஜிம்னிமிக் அமிலம் அடக்குவது இனிப்பை மட்டும். இந்தத் திருத்தத்தைச் செய்ய முடிந்ததற்கும் அவர் எதை எதைச் சுவைத்தேன் என்று பட்டியல் போட்டு வைத்ததே காரணம்.

நாக்கில் இனிப்பை உணர்கிற ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்தது. அதில் டி1ஆர்3 என்கிற புரதத்தில் ஜிம்னிமிக் அமிலம் போய் ஒட்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். மனிதருக்கு வேலை செய்கிற இந்தப் பொருள் எலியிடம் எடுபடுவதில்லை. எலியின் இனிப்பை அடக்க இதே இலையில் குர்மாரின் என்ற வேறொரு சின்னப் புரதம் இருக்கிறது. அது மனிதரிடம் எடுபடுவதில்லை. ஒரே இலைக்குள் இரண்டு பூட்டுக்கு இரண்டு சாவி. தன்னைத் தின்ன வருகிற பல வகை வாய்களுக்கும் செடி தயாராக இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சர்க்கரை நோய்க்கு இது கேட்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நாக்கில் நடப்பதும் ரத்தத்தில் நடப்பதும் வேறு வேறு. இனிப்பு தெரியாமல் போனதால் ரத்தச் சர்க்கரை குறைந்துவிடாது. ரத்தத்தில் என்ன செய்கிறது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் ஆராய்ந்து 1990இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேருக்கு, அவர்கள் வழக்கமாகச் சாப்பிட்ட மாத்திரையோடு, தினம் 400 மில்லிகிராம் இலைச் சாரம் 18 முதல் 20 மாதம் கொடுக்கப்பட்டது. சர்க்கரை குறைந்தது, ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. வேறு சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. இதை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போடுவது ஆபத்து. மாத்திரையோடு இந்தச் சூரணத்தையும் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்தால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கவும் கூடும். சிறுகுறிஞ்சான் பொடி வாங்குகிறவர்கள் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது ஆடாதோடை. ஆடு தொடாத இலை. "ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்" என்பார்கள். இருமலும் கோழையும் போய்த் தொண்டை திறக்கும் என்று பொருள். ஹூப்பர் இதன் இலையை எடுத்து, சிங்கோனாவில் பழகிய அதே முறையில் பிரித்து, 1888இல் ஒரு ஆல்கலாய்டைக் கண்டறிந்தார். வாசிசின் என்று பெயர் வைத்தார். வாசக என்ற வடமொழிப் பெயர் செடியின் தாவரவியல் பெயரிலும் வாசிகா என்று ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எடுத்த பெயர்.

இந்த வாசிசின் வெகுதூரம் போயிற்று. அதன் அமைப்பை மாதிரியாக வைத்து ஜெர்மனியில் செய்த மருந்துதான் புரோம்ஹெக்சின். 1960களில் விற்பனைக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறுவதால் உண்டாகும் பொருள் ஆம்ப்ராக்ஸால். வீட்டில் இருமல் சிரப் இருந்தால் பாட்டிலைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள், இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்புண்டு. கோழையை இளக்கி வெளியேற்றும் வேலையை அதுதான் செய்கிறது. ஆடாதோடைக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்த பாட்டிக்கும் அந்த சிரப்புக்கும் நடுவில் நிற்கிற ஆள் ஹூப்பர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இருப்பது பின்னாளைய ஆய்வுகளில் தெரிந்தது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். இருமலுக்கு நல்லதுதானே என்று அவர்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கக் கூடாது.

இந்த ஆய்வுகளெல்லாம் சேர்ந்த இடம் 'பார்மகோகிராஃபியா இண்டிகா'. மூன்று பேர் எழுதிய நூல். பம்பாயில் அரசாங்க மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட வில்லியம் டைமாக், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வார்டன், உதகமண்டலத்தில் ஹூப்பர். மேற்கு, கிழக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டதுபோல அமைந்துவிட்டது. 1889 தொடங்கி 1893 வரை பகுதி பகுதியாக வந்து மூன்று தொகுதிகளாக முடிந்தது. டைமாக் 1892இல் இறந்துபோனார். நூல் முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

மூலிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நூலை ஒருமுறையாவது புரட்ட வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் முதலில் நாட்டுப் பெயர்கள் வரும், தமிழ்ப் பெயரும் உண்டு. அடுத்து வடமொழி, யுனானி, ஐரோப்பிய நூல்கள் அதைப் பற்றிச் சொன்ன வரலாறு. அடுத்து சரக்கு பார்வைக்கு எப்படி இருக்கும் என்ற வருணனை, வேதியியல், கடைசியில் கடைத்தெருவில் அது எங்கிருந்து வருகிறது, என்ன விலை. விலையையும் ஏன் எழுதினார்கள் என்று யோசித்தால், எழுதியவர்கள் சரக்கைக் கையில் வாங்கிப் பழகியவர்கள் என்பது புரியும். விலை ஏறினால் கலப்படம் வரும் என்பது மருந்துக் கிடங்கில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

என் மனம் ஒப்பாத ஒரு இடம் உண்டு. இந்த நூலின் அறிவெல்லாம் இந்த மூவரின் ஆய்வகத்தில் முளைத்ததல்ல. எந்த வேர் எந்த நோய்க்கு என்று சொன்னவர்கள் வைத்தியர்கள், மருந்துக் கடைக்காரர்கள், காட்டுக்குள் போய்ச் சரக்கு கொண்டுவந்தவர்கள். பயன்பாட்டைச் சொல்லும் பல வரிகளில் இவர்கள் 'உள்ளூர் மக்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப் போகிறார்கள். இலையைப் பிரித்தவர் பெயர் நிற்கிறது, இலையைக் காட்டியவர் பெயர் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லலாம். சொன்னாலும் இழப்பு இழப்புதான்.

அப்படிக் கரைந்து போகாமல் தப்பிய ஒரு பெயர் முகைதீன் ஷெரீப். சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட மருத்துவர். நாட்டு மருந்துகளைத் தன் நோயாளிகளிடம் தானே கொடுத்துப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். ஒரு சரக்குக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் வரும் குழப்பம் அவரை மிகவும் வருத்தியது. 1869இல் இந்திய மருந்துத் தொகுப்புக்கு அவர் எழுதிய துணைநூலில், பல மொழிப் பெயர்களைப் பொறுமையாகச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். தன் வாழ்நாள் அனுபவத்தைச் 'சென்னையின் மருந்துப் பொருட்கள்' என்ற பொருளில் பெரிய நூலாக எழுதத் தொடங்கினார். அச்சேறி வரும் முன்பே காலமானார். அந்தக் கையெழுத்துப் படியை எடுத்துச் சரிசெய்து 1891இல் வெளிக்கொண்டு வந்தவர் ஹூப்பர். தன் பெயரைப் பதிப்பாளர் இடத்தில் வைத்துக்கொண்டு, ஷெரீப்பின் பெயரை ஆசிரியர் இடத்திலேயே விட்டார். அன்றைய நிலையில் இது சின்ன விஷயமல்ல. ஹூப்பர் செய்த வேலைகளில் இதற்கும் சிறுகுறிஞ்சானுக்குச் சமமான இடம் கொடுப்பேன்.

1897இல் ஹூப்பர் ஊட்டியை விட்டுக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனார். பொருளாதாரத் தாவரங்கள் பிரிவின் காப்பாளர் பதவி; 1914இல் ஓய்வுபெறும் வரை அங்கேதான். பிசின், எண்ணெய், சாயம், நார், உணவு என்று எது வந்தாலும் பரிசோதித்தார். இந்தியாவில் மண் தின்னும் பழக்கத்தைப் பற்றி ஹெரால்டு மேன் என்பவரோடு சேர்ந்து 1906இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. தின்பதற்கென்றே விற்கப்பட்ட மண்ணையும் மருந்துச் சரக்கைப் போலவே பகுத்துப் பார்த்தார்கள். 1907இல் அவருக்கு ஹேன்பரி பதக்கம் கிடைத்தது. டேனியல் ஹேன்பரி என்ற மருந்தாளுநரின் நினைவாகக் கொடுக்கப்படுவது அது. அந்த ஹேன்பரி, ஃப்ளூக்கிகர் என்ற மருந்தியல் அறிஞரோடு சேர்ந்து எழுதிய 'பார்மகோகிராஃபியா'வைப் பார்த்துத்தான் இந்திய நூலுக்கும் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். டைமாக்குக்கு இதே பதக்கம் இருபது ஆண்டு முன்பே, 1887இல், கிடைத்திருந்தது.

ஓய்வு பெற்றபின்னும் சரக்குகள் அவரை விடவில்லை. மலாயாவில் சீன மருந்துக் கடைகளில் விற்கும் சரக்குகளை அடையாளம் கண்டு எழுதிய நீண்ட கட்டுரை 1929இல் வந்தது. அப்போது அவருக்கு 71 வயது. பிறகு சிகாகோவின் ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்காக ஹென்றி ஃபீல்ட் என்ற மானிடவியலாளர் ஈரானிலும் இராக்கிலும் சேகரித்த மருந்துச் சரக்குகள் அவரிடம் வந்தன. பொட்டலம் பொட்டலமாகக் காய்ந்த வேர், விதை, பிசின், பூ. அவற்றை இனம் கண்டு, நாட்டுப் பெயரும் தாவரப் பெயரும் பயனும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய நூல் 1937இல் அச்சாகி வந்தபோது அவருக்கு வயது 79. அதற்குப் பின் பத்து ஆண்டுகள் இருந்து 1947இல் மறைந்தார்.